ஜெர்மனியில் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தேவகோட்டைக்காரன்: மகள் ம்யூனிக்கில் வேலை பார்க்கிறாள், அடுத்த மாதம் நாங்கள் போகும்போது அவளுடைய ஜெர்மன் தோழி வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம்? முறை தெரியாமல் அவர்கள் மனம் நோகும்படி நடந்துவிடக் கூடாது.

காரைக்குடி வள்ளி: அண்ணே, ஓலைக் கொட்டானில் மணகோலமும் சீப்புச் சீடையும் எண்ணெய்ப் பலகாரமாகக் கொண்டுபோங்கள், ரொம்பச் சந்தோஷப்படுவார்கள். நெய், பால்கோவா மட்டும் வேண்டாம், பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளிநாட்டுப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அப்புறம் 7 மணி என்றால் 7 மணிக்கே அங்கே இருக்க வேண்டும், முன்கூட்டிப் போனாலும் அவர்களுக்குச் சங்கடம்.

பள்ளத்தூரான்: முக்கியமானது ஒன்று. நம் பக்கம் "போதும்" என்றாலும் ஆச்சி இன்னொரு கரண்டி வைப்பார், அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாவது தடவை கேட்காமலே போகலாம். பசித்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லோருக்கும் பரிமாறியதும் "குட்டன் அப்பெட்டிட்" (நன்றாக ரசித்துச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம்) சொல்லிவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார்கள்.

காரைக்குடி வள்ளி: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் மகள் வீட்டில் மிக்ஸி போடாதீர்கள், பக்கத்து வீட்டார் உறக்கத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை.