எவர்சில்வர் டம்ளரும் பித்தளைச் செம்பும்: கலப்பு ஊடகத்தில் உலோகப் பளபளப்பு வரவில்லை

கேள்வி:
வணக்கம். பித்தளைச் செம்பு, எவர்சில்வர் டம்ளர், சின்ன வெங்காயம் சில ஆகியவற்றைச் சன்னலோரம் வைத்து, நீர்வண்ணமும் வண்ணப் பென்சிலும் சேர்த்து ஒரு ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களின் ஓவியம்) வரைந்து வருகிறேன். வெங்காயம் ஓரளவு தேறிவிட்டது. டம்ளரோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது. மேலும், பென்சிலால் தீட்டிய நிழலின்மேல் மீண்டும் நீர்வண்ணம் பூசினால் அது படியாமல் துளித்துளியாகத் திரள்கிறது. காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), சொரசொரப்பான வகை. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
திரள்வதற்குக் காரணம் மெழுகு. வண்ணப் பென்சில்களில் பெரும்பாலும் நிறமியைப் பிணைத்து வைத்திருப்பது மெழுகோ எண்ணெயோதான் என்பதால், அதன்மேல் தண்ணீர் நிற்காது. ஆகவே நீர்வண்ண வேலை முழுவதையும் முதலில் முடித்து, காகிதம் நன்றாகக் காய்ந்த பிறகே பென்சிலைத் தொடுங்கள். ஒளிப்புள்ளிகளுக்கு வெள்ளை குவாஷை (அடியிலுள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) கெட்டியாகக் கடைசியில் வைக்கலாம்; அந்த இடங்களில் மட்டும் பென்சிலை அழுத்தித் தேய்க்காமல் விட்டுவையுங்கள். சொரசொரப்பான தாளில் பென்சில் மேடுகளில் மட்டுமே பிடித்துப் பள்ளங்கள் வெள்ளையாக நின்றுவிடும்; உலோகத்தின் வழவழப்புக்கு ஹாட் பிரஸ் எனும் மேடுபள்ளமற்ற தாளே ஏற்றது.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் டம்ளர் பிளாஸ்டிக்காகத் தெரிவதற்கு ஊடகம் காரணமன்று என்பது என் கருத்து. எவர்சில்வருக்கென்று தனியாக நிறம் தேடாதீர்கள். உருளை வடிவம் சுற்றியுள்ளவற்றைப் பக்கவாட்டில் நெருக்கிக் காட்டுவதால், சன்னல் ஒரு வெள்ளைப் பட்டையாகவும், எதிரே அமர்ந்திருக்கும் உங்கள் சட்டை ஓர் இருண்ட பட்டையாகவும், பக்கத்திலுள்ள செம்பு ஒரு மஞ்சள் கீற்றாகவும் செங்குத்தாக அதில் நிற்கும். இப்பட்டைகளுக்கு இடையே பல விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அவற்றைக் குழைத்து மென்மையாக்கினால் பிளாஸ்டிக்தான் கிடைக்கும்.

பித்தளை வேறு கதை. அது பிரதிபலிக்கும் எல்லாவற்றிலும் தன் மஞ்சளைக் கலந்துவிடுகிறது. எனவே அதன் ஒளிப்புள்ளியைச் சுற்றி வெளிர்மஞ்சள் விட்டு, உச்சியில் மட்டும் துளி வெள்ளை வையுங்கள். தொடக்கத்தில் செம்பைப் புளி போட்டு விளக்காமலே வைத்து வரைவது நல்லது. மங்கிய பித்தளையில் பிரதிபலிப்பு குறைவு; வடிவத்தைக் கவனிக்க முடியும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்த இருண்ட பட்டைகளுக்கு 8பி கிராஃபைட் பென்சிலை (மிக மென்மையான, கறுப்பான வகை) பயன்படுத்தலாமா?

பதில் 3:
வேண்டாம். கிராஃபைட் அழுத்த அழுத்தப் பளபளக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் கறுப்பு வெளிறித் தெரியும். அடர்நீலத்தையும் பழுப்பையும் கலந்த நீர்வண்ணத்தை அடியில் பூசி, காய்ந்தபின் கறுப்பு வண்ணப் பென்சிலால் அழுத்தம் கொடுங்கள். டம்ளர் மேடையைத் தொடும் கோட்டை ஒட்டிய நிழல்தான் மிக அடர்த்தியாக இருக்க வேண்டும். அது தளர்ந்தால் டம்ளர் மிதக்கும். இன்னொன்று: மேலிருந்து பார்த்து வரைவதால் டம்ளரின் வாயைக் காட்டிலும் அடியின் வளைவு அதிகமாக இருக்கும். அடியை நேர்க்கோடாக முடித்திருந்தால், வண்ணம் பூசும் முன் அதைத் திருத்திவிடுங்கள்.