கலைச்சொல் தேவை: ‘செனோட்ரோபிக்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். 2009-இல் அமெரிக்காவின் ரீனோ நகர விட்டமோர் பீட்டர்சன் ஆய்வு நிறுவனத்தார், நாட்பட்ட சோர்வு நோயாளிகள் 101 பேரில் 68 பேரிடம் எக்ஸ்எம்ஆர்வி வைரஸைக் கண்டதாக ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2011 டிசம்பரில் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் கதையை மொழிபெயர்க்கிறேன். அந்த வைரஸின் பெயரில் முதல் எழுத்தான ‘எக்ஸ்’ குறிப்பது ‘செனோட்ரோபிக்’ (xenotropic) என்ற சொல்லை. தான் தோன்றிய சுண்டெலி இனத்தின் உயிரணுவில் தொற்றாமல் வேற்றினத்தில் தொற்றுவது என்று பொருள். தமிழில் என்ன சொல்லலாம்?

புலவர் ஐயா:
அயல் + தொற்றி = அயற்றொற்றி. ‘லள வேற்றுமையில் றடவும்’ என்பது நன்னூல்; வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். வைரஸ் எதற்கு? தீநுண்மி இருக்கிறதே.

உயிரியல் ஆசிரியை:
ஐயா, கரும்பலகையில் ‘அயற்றொற்றி’ என்று எழுதினால் அதற்குள் இருக்கும் ‘தொற்று’ பிள்ளைகளுக்குத் தெரியாது. செடி ஒளியை நோக்கி வளைவதைச் சொல்லும் ஒளிநாட்டம்போல ‘அயல்நாட்டம்’ என்போமே.

புலவர் ஐயா:
அஃறிணையில் மட்டும் அல்லும் திணையும் தெரிகின்றனவா? பழகினால் புரியும். பல் + துளி பஃறுளி ஆனதும் அப்படியே. தனிக்குறிலை அடுத்த லகரம் என்பதால் அங்கே ஆய்தம். அயலில் அது வாராது. மேலும் ‘அயல்நாட்ட வைரஸ்’ என்றால் அயல்நாட்டு வைரஸ் என்றே படிப்பார்கள்.

சேலத்து அன்பர்:
எனக்குச் ‘சோர்வு’தான் உறுத்துகிறது. என் அக்காவுக்கு இந்த நோய். தலைக்குக் குளித்தால் துவட்டக் கை எழாமல் ஈரத்தலையோடு படுத்துவிடுவாள், மறுநாளும் எழமாட்டாள். சோர்வு என்றதும் மனச்சோர்வு என்கிறார்கள். ஒரு மருத்துவரும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார். உடம்பில்தான் கோளாறு என்று காட்ட ஒரு கிருமி கிடைத்ததே என்றுதான் 2009-இல் நோயாளிகள் அவ்வளவு மகிழ்ந்தார்கள். ‘அசதி’ என்றால்?

ஆசிரியை:
அசதி ஒரு தூக்கத்தில் தீரும் அண்ணா. இது தீராது. ‘வலுவிழப்பு’ பார்க்கலாம். ‘தொற்றி’யும் எனக்கு வேண்டாம், அது நோயாளிகளைத் தொற்றவே இல்லை. மனிதப் புற்றுக்கட்டியைச் சுண்டெலிக்குள் வளர்த்தபோது இரண்டு எலி வைரஸ்கள் கலந்து பிறந்தது, ஆய்வகக் கலப்படமாகப் பரவியது. 2012-இல் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் இயன் லிப்கினின் குழு 147 நோயாளிகளிடமும் நலமான 146 பேரிடமும் தேடியது. ஒருவர் இரத்தத்திலும் அதன் மரபுப்பொருள் இல்லை. இனம் சேர்த்து ‘அயலினநாட்டம்’ என்றால் ஐயா சொன்ன குழப்பமும் தீரும்.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் ஒப்பியதால் ‘அயலினநாட்ட வைரஸ்’ என்று அனுப்பிவிட்டேன். தலைப்பில் சோர்வை மாற்றப் பதிப்பாசிரியர் இசையவில்லை. முதல் பத்தியில் ‘இது மனச்சோர்வு அன்று’ என்று சேர்த்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லுங்கள்.

புலவர் ஐயா:
தீநுண்மி என்பதே என் கருத்து. இழையில் இருக்கட்டும்.