சின்ன ஹோஸ்டிங் தொழிலுக்கு டெர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருப்பூர்_வலை:
வணக்கம். பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஹோஸ்டிங்கையும் (வெப்சைட்டை சர்வரில் வைத்து ஓட்டுவதையும்) நீங்களே பார்த்துக்கோங்க என்று எல்லோரும் சொன்னதால் ஒரு ரீசெல்லர் அக்கவுண்ட் (பெரிய ஹோஸ்டிங் கம்பெனியிடம் இடம் வாங்கிப் பிரித்து விற்பது) எடுத்தேன். இப்போது அதில் 40 கிளையண்ட்கள். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுதான். அடுத்து ஆன்லைனிலேயே பிளான் விற்கலாம் என்று பேமெண்ட் கேட்வேக்கு விண்ணப்பித்தால், டெர்ம்ஸ் (சேவை நிபந்தனைகள்), பிரைவசி, ரிஃபண்ட் பக்கங்கள் இல்லாமல் அக்கவுண்ட் திறக்க மாட்டோம் என்கிறார்கள்.

பெரிய கம்பெனிகளின் டெர்ம்ஸ் சிலவற்றைப் படித்தேன். அமெரிக்க மாநிலச் சட்டம், ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்று போகிறது. இலவச ஜெனரேட்டரில் போட்டால் பேக்கப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. வக்கீலிடம் போவதற்கு முன் நான் என்னவெல்லாம் தயார் செய்துகொள்ள வேண்டும்?

கோவை_ரேக்:
தம்பி, பெரிய கம்பெனி பக்கங்களை மூடிவிட்டு, நீங்கள் யாரிடம் ரீசெல்லர் எடுத்தீர்களோ அவருடைய டெர்ம்ஸை எடுத்து வைத்து உட்காருங்கள். மணிக்கு எத்தனை மெயில், ஐனோட் வரம்பு (எத்தனை ஃபைல் வைக்கலாம்) எவ்வளவு, எதற்கெல்லாம் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தடுத்திருப்பதை நீங்கள் அனுமதிக்கவே முடியாது. அவர் உங்களுக்குத் தராத வாக்கை நீங்கள் கிளையண்டுக்குத் தரவும் கூடாது.

அப்டைம் (சைட் நிற்காமல் ஓடும் நேரம்) விஷயத்தையே எடுங்கள். 99.9% என்றால் 30 நாள் மாதத்துக்கு 43 நிமிடம்தான் சைட் நிற்கலாம். 99.99% என்றால் நாலே சொச்சம் நிமிடம். நள்ளிரவில் சர்வர் விழுந்து, நீங்கள் புகார் டிக்கெட் போட்டு, மேலே ரீசெல்லர் தந்தவர் எழுந்து பார்ப்பதற்குள் அது தீர்ந்துவிடும். அவர் 99.9 தருகிறார் என்றால் நீங்கள் 99.5 என்று போடுங்கள். மாதத்துக்கு 3 மணி 36 நிமிடம் கிடைக்கும். தவறினால் அந்த மாத வாடகையில் எவ்வளவு கழிப்பீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பேக்கப் பகுதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் என்ற பெரிய ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது நினைவிருக்கும். பேக்கப் தனி இடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு சர்வரும் பேக்கப்பும் ஒரே கட்டடத்தில் இருந்து, இரண்டும் சேர்ந்தே போயின. 2023-ல் லீல் வணிக நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தான் எழுதிய வாசகம்தான் எதிராக நின்றது. இந்தப் பகுதியை வக்கீல் எழுதக் கூடாது, சர்வர் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த நீங்கள்தான் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் இருப்பது இது:

"தினமும் இரவில் ஒரு பேக்கப் எடுக்கிறோம். கடைசி 7 நாள் பேக்கப் மட்டுமே இருக்கும். 10 ஜிபி தாண்டிய அக்கவுண்ட்கள் இதில் சேராது. பேக்கப் வேறு ஊரில் உள்ள சர்வரில் இருக்கிறது. மீட்டுத்தர முயல்வோம், உறுதி கூற முடியாது. உங்கள் பிரதி ஒன்றை நீங்களும் வைத்திருங்கள்."

உங்களுடைய பேக்கப் அதே சர்வரில் இன்னொரு ஃபோல்டரில் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். படிக்கிறவர் முடிவெடுக்கட்டும்.

அடுத்தது நிறுத்திவைப்பது. எங்களிடம் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் வேர்ட்பிரஸ், பழைய பிளகின் (கூடுதல் மென்பொருள் துண்டு) வழியாக ஹேக் ஆகி ஸ்பாம் அனுப்ப ஆரம்பித்தது. சர்வரின் ஐபி முகவரி ஸ்பாம் பிளாக்லிஸ்ட்டில் ஏறினால் அதே சர்வரில் உள்ள அத்தனை பேரின் மெயிலும் நின்றுபோகும். ஆனால் அது முகூர்த்த மாதம், புக்கிங் முழுக்க அந்த சைட்டில்தான். எங்கள் டெர்ம்ஸில் படிப்படியாக இருந்தது: முதலில் அந்த அக்கவுண்டின் வெளிச்செல்லும் மெயில் மட்டும் நிற்கும், உடனே போன் அல்லது வாட்ஸ்அப், 24 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால்தான் சைட் நிற்கும். அதனால் சைட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுத்தம் செய்ய முடிந்தது. "எப்போது வேண்டுமானாலும் எந்தக் காரணமுமின்றி நிறுத்துவோம்" என்று எழுதியிருந்தால் அந்த ராத்திரி என்னிடம் வேலை செய்யும் பையன் மொத்தமாக ஆஃப் செய்துவிட்டுத் தூங்கியிருப்பான். டெர்ம்ஸ் உங்கள் ஊழியருக்கும்தான் வழிகாட்டி.

பணம் கட்டாதவர்களுக்கும் இதே மாதிரி: எத்தனையாவது நாளில் நிறுத்தம், எத்தனையாவது நாளில் டேட்டா அழியும். அதுவரை டவுன்லோடு செய்துகொள்ள விடுங்கள், பாக்கி இருந்தாலும். திருப்பூரில் பில் எப்போது பாஸாகும் என்று உங்களுக்கே தெரியும்.

டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) கிளையண்டின் பெயரில், கிளையண்டின் மெயில் ஐடியில். இதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. டிசைனர் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டதால் பத்து வருடப் பெயரை இழந்த கடைக்காரர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். "டொமைன் உங்களுடையது, கேட்டவுடன் ஆத் கோட் தருவோம்" என்று ஒரு வரி எழுதுங்கள். (ஆத் கோட் என்பது டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு.)

ரிஃபண்டில் ஹோஸ்டிங் வேறு, டொமைன் வேறு என்று பிரித்துப் போட்டால் போதும்.

மதுரை_வழக்கறிஞர்:
மேலே நண்பர் சொன்னவற்றைக் குறிப்பாக எழுதிக்கொண்டு எங்களிடம் வந்தால் பாதி வேலை முடிந்தது. சட்டப் பக்கத்தில் சில.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, "இடைநிலையாளர்" என்பதன் விளக்கத்திலேயே வெப் ஹோஸ்டிங் தருபவரைச் சேர்த்திருக்கிறது. கிளையண்ட் போடும் உள்ளடக்கத்துக்கு நீங்கள் பொறுப்பாகாமல் இருக்க 79-வது பிரிவின் பாதுகாப்பு வேண்டும். அதற்கு அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 இடைநிலையாளர் விதிகளைப் பின்பற்ற வேண்டும். பயனர் ஒப்பந்தமும் பிரைவசி கொள்கையும் தளத்தில் தெரியும்படி இருக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் வேண்டும். விதி சொல்லும் இடைவெளியில் இவற்றைப் பயனர்களுக்கு நினைவூட்ட வேண்டும். உள்ளடக்கத்தை நீக்கும் கெடு திருத்தங்களில் மாறும், ஆகவே பக்கத்தில் மணிக்கணக்கு போடாமல் "அப்போது அமலில் உள்ள விதிப்படி" என்று எழுதுவது நல்லது.

2022 திருத்தத்துக்குப் பிறகு, பயனர் விரும்பினால் அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழியில் இவற்றைத் தர வேண்டும். தமிழும் அதில் உண்டு.

அதே வருடம் வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சர்வரின் நடவடிக்கைப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். "லாக் எதுவும் வைப்பதில்லை" என்ற வெளிநாட்டு பிரைவசி வரியைக் காப்பியடித்தால் அன்றைக்கே பொய்யாகிவிடும். பின்னால் விபிஎஸ் (ஒருவருக்கென்று பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) விற்றால் வாடிக்கையாளர் விவரங்களை, அவர் விலகிய பின்னும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

இந்திய டெம்ப்ளேட் என்று கிடைப்பவற்றில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் காட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். உச்ச நீதிமன்றம் அதை 2015-லேயே ரத்து செய்துவிட்டது. காரணமில்லாமல் ஒருதலையாக ரத்து செய்யும் உரிமை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் நியாயமற்ற ஒப்பந்தம் என்று கேள்விக்குள்ளாகலாம்.

மாதிரி வேண்டுமானால் ஆட்டோமேட்டிக், 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் கம்பெனிகள் இரண்டும் தங்கள் கொள்கைப் பக்கங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் தந்திருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு எடுத்து மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்களுடையதை எடுத்தால் பதிப்புரிமை மீறல்.

திருப்பூர்_வலை:
இருவருக்கும் நன்றி. மேலே இருப்பவரின் டெர்ம்ஸை பிரிண்ட் எடுத்துவிட்டேன். புதிதாகச் சேர்பவர்கள் டிக் செய்துவிட்டு வருவார்கள். ஏற்கெனவே இருக்கிற 40 பேரை எப்படிக் கொண்டுவருவது? பலர் மெயிலே பார்க்க மாட்டார்கள்.

கோவை_ரேக்:
ஒரே நாளில் எல்லோரையும் மாற்றாதீர்கள். அவரவர் ரினியூவலுக்கு 30 நாள் முன்னால், என்ன மாறுகிறது என்று தமிழில் அரைப் பக்கம் எழுதி வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அனுப்புங்கள். ரினியூவல் இன்வாய்ஸில் டெர்ம்ஸின் லிங்க்கும் தேதியும் இருக்கட்டும். ஒவ்வொரு பதிப்பையும் பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்தப் பதிப்பை, எந்தத் தேதியில், எந்த ஐபியிலிருந்து ஏற்றார் என்பது பதிவாக வேண்டும். பில்லிங் மென்பொருளில் அந்த டிக் பாக்ஸை ஆன் செய்து பரிசோதித்துப் பாருங்கள். ஒத்துவராது என்பவருக்கு முழு பேக்கப்பையும் ஆத் கோடையும் கொடுத்து, மீதி மாதங்களுக்கான பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.