பெரிய லூர் (செயற்கை இரை) வீச எந்தத் தூண்டில் ராடு வாங்கலாம்?

எண்ணூர், பழவேற்காடு பக்கம் லூர் போட்டுக் கொடுவா மீன் பிடிக்கும் அண்ணன்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராடு. வீசக்கூடிய லூர் எடை 10 முதல் 30 கிராம் வரை என்று கம்பிலேயே போட்டிருக்கிறது. சின்ன லூருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் பாஸ் மீனுக்கென்று வீசுகிற பெரிய ஸ்விம்பெய்ட் (நீந்தும் மீன் மாதிரியான லூர்) மேல் ஆசை வந்துவிட்டது. 2 அவுன்ஸ் என்றாலே 57 கிராம் ஆகிறதே! முழு விசையில் வீசினால் கம்பு முறிந்துவிடும் என்று மெல்லப் போடுகிறேன், தூரமே போக மாட்டேன் என்கிறது.

90 கிராம் வரை தாங்கும் ஹெவி ராடு, ஏழரை அல்லது 8 அடி பார்க்கிறேன். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) மேல் நின்று வீச நீளம் வேண்டும், சரி. காலையெல்லாம் வீசினால் தோள்பட்டை என்ன ஆகும்?

அப்புறம், நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷனா, இன்னும் கீழே வரை வளையும் மாடரேட் ஃபாஸ்டா? கனமான லூருக்கு இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. மீன் துள்ளும்போது தூண்டில் முள்ளும் சட்டென்று கழலாது. ஆனால் கொடுவா வாய் கெட்டியாயிற்றே, முள் ஏறுமா?

பெய்ட்காஸ்டர் ரீலுக்கு (வீசும்போது நூல் உருளையே சுழலும் வகை) மாறலாமா என்றும் யோசனை. எதிர்க்காற்றில் நூல் சிக்கிக்கொள்ளும் என்ற பயம்தான் தடுக்கிறது.

பட்ஜெட் 6,000 ரூபாய். மின்சார ரயிலில் கொண்டுபோக வேண்டும், அதனால் இரண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். பழைய ராடு யாராவது விற்பதாக இருந்தாலும் சொல்லுங்கள், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்றால் நேரில் வந்து பார்க்கிறேன்.