மணாலி–லே பயணம்: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் கூடாரச் சாமான்களை எப்படிக் கட்டுவது?

கேள்வி
தனியாள், 10 நாள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, டூல்ஸ், 5 லிட்டர் பெட்ரோல் கேன். எல்லாம் பின்சீட்டில்தான். 60-ஐத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது. அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.

பதில் 1
தம்பி, எடை உயரத்திலும் பின்னாலும் போய்விட்டது. முன்சக்கரம் லேசாகி ஆடுகிறது. டூல்ஸ், பாத்திரம், தண்ணீரைப் பக்கப் பைகளின் அடியில், வண்டியை ஒட்டி வையுங்கள். இரு பைகளின் எடையும் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது. பின்சீட்டில் கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் போதும். பின் ஷாக் ப்ரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) ஏற்றி, டயர் காற்றை மேனுவலில் பில்லியனுக்கு, அதாவது பின்னால் ஆள் உட்காரும்போது, சொன்ன அளவுக்கு வையுங்கள். அதன்பின் செயின் தளர்வையும் பாருங்கள்.

பதில் 2
பங்கீ கயிறு (கொக்கி வைத்த ரப்பர் கயிறு) வேண்டவே வேண்டாம். குழியில் மூட்டை துள்ளும். கொக்கி கழன்று பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். 25 மிமீ பக்கிள் ஸ்ட்ராப் நான்கு வாங்குங்கள், தொங்கும் நுனியைச் சுருட்டிக் கட்டுங்கள். 20 கிமீ போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். மூட்டை அமுங்கி ஸ்ட்ராப் தளர்ந்திருக்கும்.

பதில் 3
வழியில் தாண்டி என்ற ஊரில் நிரப்பினால், லே வரை சுமார் 365 கிமீ பங்க் இல்லை என்றே கணக்கு வையுங்கள். டேங்க் 15 லிட்டர். சுமையோடு லிட்டருக்கு 25 கிடைத்தால் 375 கிமீதான். அதனால் கேன் கட்டாயம். சைலன்சர் வலப்பக்கம், கேன் இடப்பக்கம். விளிம்புவரை நிரப்பாதீர்கள், உயரத்தில் உப்பும். அடுப்புக்கு வெறும் பியூட்டேன் கேனிஸ்டர் வழியில் உயரத்திலுள்ள சர்ச்சுவின் குளிரில் எரியாது, பூஜ்ஜியத்துக்குக் கீழே வாயுவாக மாறாது. ஐசோபியூட்டேன்–புரோபேன் கலவை எடுங்கள்.