மருந்து, மரபணு நிறுவனங்களில் மென்பொருள் வேலை: போகலாமா, வேண்டாமா?

நீலக்குடை:
எட்டு வருடமாக வலைச் செயலிகளுக்குப் பின்தள நிரல் எழுதுகிறேன். நான் இருக்கும் வட்டாரத்தில் ஐடி நிறுவனங்கள் குறைவு. மருந்து, மரபணு ஆய்வு, மருத்துவக் கருவி நிறுவனங்கள்தான் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கின்றன. அதில் ஒன்று கூப்பிடுகிறது. ஆய்வகக் கருவிகள் கக்கும் தரவை வாங்கி ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பில் வேலை, லிம்ஸ் என்கிறார்கள். நான் உயிரியலைப் பள்ளியோடு விட்டவன். போனால் தேறுவேனா, இல்லை ஐந்து வருடம் கழித்து வெளியே யாரும் சீந்தாத ஆளாகிவிடுவேனா?

கம்பைலர் கந்தன்:
போகாதீர்கள். நான் ஒரு மருந்து நிறுவனத்தில் நாலு வருடம் இருந்துவிட்டுத் தப்பித்து வந்தவன்.

ஒரு திரையில் 'வெப்பநிலை' என்ற சொல்லில் எழுத்துப்பிழை. திருத்த அரை நிமிடம். ஆனால் முதலில் மாற்றக் கோரிக்கை, அப்புறம் இது வேறு எதையாவது பாதிக்குமா என்று ஒரு படிவம், அப்புறம் டெஸ்ட் ஸ்கிரிப்ட், படிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், அதை அச்சடித்துக் கையெழுத்து. ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் கணினியின் கடிகாரம் தெரியவில்லை என்று தரப்பிரிவு மொத்தக் காகிதக் கட்டையும் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்ய ஆறு வாரம். இப்படியே வருடக்கணக்கில் போனால் கை துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. அங்கே நீங்கள் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை என்றால் மருந்து மூலக்கூறும் அதைக் கண்டுபிடித்தவரும்தான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது தோழன்.

ஆய்வகப்பூனை:
கந்தன், உங்கள் ஆறு வாரக் கதையை நம்புகிறேன். ஆனால் அந்தப் பழியை விதியின் மேல் போடாதீர்கள். மின் பதிவுகள், மின் கையெழுத்துகள் பற்றிய அமெரிக்க விதியான 21 சிஎஃப்ஆர் பகுதி 11, 1997-லிருந்து இருக்கிறது. அது கேட்பது இதுதான்: யார், எப்போது, எதை மாற்றினார் என்று தானாகப் பதிவாக வேண்டும்; பழைய மதிப்பு மறையக் கூடாது; மின் கையெழுத்தோடு பெயரும் நேரமும் எதற்காகப் போட்டது என்பதும் இருக்க வேண்டும். கடிகாரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை அச்சடி என்று அதில் எங்கேயும் இல்லை. தணிக்கைக்குப் பயந்து நிறுவனங்கள் தாங்களே மாட்டிக்கொண்ட விலங்கு அது. மருந்துத் துறைக் கணினி அமைப்புகளுக்கான வழிகாட்டி நூல் காம்ப் 5, 2022-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பே, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே உழைப்பைப் போடச் சொல்கிறது. சிறு சிறு படிகளாக மென்பொருள் செய்யும் அஜைல் முறைக்கும் இடம் கொடுக்கிறது.

நீலக்குடை, உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆய்வகத்தில் மாதிரிகளை ஊற்றும் 96 குழித் தட்டு ஒன்று உண்டு. A முதல் H வரை எட்டு வரிசை, 1 முதல் 12 வரை பன்னிரண்டு நெடுவரிசை. கருவி ஒவ்வொரு குழியின் ஒளி அளவையும் ஒரு கோப்பில் கொட்டும். நான் எழுதிய நிரல் A1, A2, A3 என்று கிடைமட்டமாக நிரப்பியது. புதிதாக வாங்கிய கருவி A1, B1, C1 என்று மேலிருந்து கீழே எழுதுகிறது. எண்ணிக்கை 96 சரியாக இருந்தது, எல்லா டெஸ்ட்டும் பச்சை. ஆய்வக அக்கா ஒருவர் திரையை இரண்டு நொடி பார்த்துவிட்டு, "என் கண்ட்ரோல் எல்லாம் இடது ஓரத்தில் கீழே இறங்கணுமே, ஏன் மேல் வரிசையில் படுத்துக் கிடக்கு?" என்றார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால், மருந்தே போடாத அந்தக் கண்ட்ரோல் குழிகளின் அளவு மருந்தின் பலனாகப் பதிவாகியிருக்கும். அன்றைக்குத்தான் சரிபார்த்தல் எதற்கு என்று எனக்கு உறைத்தது.

கம்பைலர் கந்தன்:
நல்லவேளை, மென்பொருள் பிழையால் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்த தெரக்-25 கருவியின் கதையை எடுக்கவில்லை. இந்தத் துறைக்காரர்களுடன் பேசினால் பத்து நிமிடத்தில் அது வந்துவிடும்.

ஆனால் உங்கள் கதை எனக்குத்தான் சாதகம். பிழையைப் பிடித்தது எது? படிவமா, கையெழுத்தா? ஓர் ஆளின் கண். அந்த அக்காவை நிரல் எழுதுபவன் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும், பாதிப் படிவத்தைக் கொளுத்தலாம். பெரும்பாலான இடங்களில் அவர் ஒரு கட்டடத்தில், நீங்கள் இன்னொரு கட்டடத்தில். நடுவில் மூன்று மேலாளர்கள்.

மௌனவாசகி:
இருவரும் யானையின் வெவ்வேறு காலைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். 'இந்தத் துறை' என்று ஒன்று இல்லை. மருத்துவக் கருவிக்குள் ஓடும் மென்பொருள் வேறு: ஐஇசி 62304 தரம், பிழையால் நோயாளிக்கு எவ்வளவு தீங்கு வரலாம் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி வகுப்பு, எழுதுவது பெரும்பாலும் சி, சி++ மொழிகளில். கந்தன் இருந்தது மருந்து நிறுவனத்தின் உள் ஐடி. அங்கே பாதி நாள், வாங்கிய மென்பொருளை ஒட்டவைப்பதிலேயே போகும். நான் இருப்பது உயிர்தகவலியல், அதாவது மரபணு போன்ற உயிரியல் தரவைக் கணினியில் அலசும் துறை. இங்கே நிலைமை நேர் எதிர், படிவமே கிடையாது. ஆராய்ச்சி மாணவர் எழுதிய பைதான் கோப்பு ஒன்று, நாலாயிரம் வரி, அவர் மடிக்கணினியில் மட்டும் ஓடும். அவரும் போய்விட்டார். அதைப் படிகளை வரிசையாக ஓட்டும் நெக்ஸ்ட்ஃப்ளோ என்ற கருவிக்கு மாற்றி, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும்படி கண்டெய்னர் என்ற பொதியில் அடைத்து, அடுத்த வருடமும் அதே விடை வர வைப்பதுதான் என் வேலை. எட்டு வருடம் பின்தளம் எழுதியவருக்கு இதெல்லாம் கை வந்த கலை.

எக்செல் செய்த அட்டூழியம் தெரியும்தானே? SEPT2 என்ற மரபணுவைச் செப்டம்பர் 2 என்று மாற்றிவிடும். பல வருடம் திட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் 2020-இல் மரபணுவின் பெயரையே SEPTIN2 ஆக்கினார்கள். அப்போது எக்செல் அசையவில்லை, உயிரியல் அசைந்தது! அதே வருடம் அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் எண்ணிக்கையில் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு 65,536 வரிக்கு மேல் தாங்காது, அவ்வளவுதான் காரணம். இப்படிப்பட்ட இடத்தில் ஒழுங்காக நிரல் எழுதத் தெரிந்தவர் தோழனா? கந்தன்தான் சொல்ல வேண்டும்.

கம்பைலர் கந்தன்:
தேவை இருப்பது வேறு, மதிப்பு இருப்பது வேறு. அந்த நாலாயிரம் வரியைச் சீர்செய்தவர் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையில் வந்தது?

சரி, நீலக்குடை கேட்ட வட்டார விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்டன் பக்கம் கெண்டல் ஸ்கொயர் ஆகட்டும், சுவிட்சர்லாந்தின் பேசல் ஆகட்டும், இந்தக் கொத்துகளில் நிறுவனம் ஐம்பது இருக்கலாம், பணம் வருகிற வாய்க்கால் ஒன்றிரண்டுதான். மனிதர்கள் மேல் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் அங்கீகாரம் வரை போகிறது என்பார்கள். சின்ன நிறுவனத்திடம் இருப்பதே ஒரு மருந்து. அது தோற்றால் உங்கள் நிரல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுநாள் கதவு பூட்டு. 2021-க்குப் பிறகு முதலீடு வற்றியபோது எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் ஆள் குறைத்தன. பொது ஐடி என்றால் வங்கி மென்பொருள் வேலை போனால் கடைக்கணக்கு மென்பொருள், அதுவும் போனால் வேறொன்று.

ஆய்வகப்பூனை:
இதை மறுக்க மாட்டேன். 2022-இல் அந்த அலையில் நானும்தான் போனேன். எங்கள் மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை தோற்ற முடிவு திங்கள் வந்தது, வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். மென்பொருள் குழுவில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் மூன்றே வாரத்தில் வேறு வேலை. என்னோடு இருந்த தரப்பிரிவுத் தலைவி ஏற்கெனவே அடுத்த தெருவில் இருந்த நிறுவனத்துக்குப் போயிருந்தார். நேர்காணலே பாதிதான் நடந்தது. கொத்தாக இருப்பதில் இதுவும் உண்டு.

கம்பைலர் கந்தன்:
ஒருவரோடு முறைத்துக்கொண்டால் அதுவும் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

ஆய்வகப்பூனை:
உண்மை. யாரோடு முறைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன் 🙂

திறமை துருப்பிடிக்கும் என்றீர்களே, அதற்கும் ஒரு பதில். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் இரவில், எங்கள் உறைபெட்டியின் வெப்பநிலைப் பதிவில் 1:30 இரண்டு முறை வந்தது. ஒன்றில் மைனஸ் 79, இன்னொன்றில் மைனஸ் 61. எது முதல்? பெட்டி சூடாகிக்கொண்டிருந்ததா, குளிர்ந்துகொண்டிருந்ததா? உள்ளே இருந்த மாதிரிகளின் தலையெழுத்தே அதில் இருந்தது. நேரத்தை யூடிசியில் (கடிகார மாற்றம் இல்லாத உலகப் பொது நேரத்தில்) வை, எதையும் அழிக்காதே, திருத்தத்தைப் புதுப் பதிவாகச் சேர். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நிறைய பேர். நான் வயிற்றைக் கலக்கிக் கற்றுக்கொண்டேன். வங்கிக்குப் போனாலும் இது செல்லும்.

நீலக்குடை:
குழப்பம் கூடிவிட்டது, இருந்தாலும் நன்றி. நேர்காணலில் எதைக் கேட்டால் உள்ளே எப்படி என்று தெரியும்?

மௌனவாசகி:
நிரல் எழுதுபவர்கள் ஆய்வகத்துக்குள் போகலாமா என்று கேளுங்கள். அப்புறம், டெஸ்ட் தானாக ஓடுகிறதா, யாராவது உட்கார்ந்து கையால் ஓட்டுகிறாரா என்று.

கம்பைலர் கந்தன்:
மென்பொருளின் கடைசி ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பு வெளியீடு, எப்போது? நிறுவனத்தின் கையில் எத்தனை மாதப் பணம் இருக்கிறது? இரண்டாவதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நீலக்குடை:
இன்று பேசினேன். கடைசி ரிலீஸ் எப்போது என்றேன். "எந்த ரிலீஸ்?" என்று திருப்பிக் கேட்டார்.

கம்பைலர் கந்தன்:
சொன்னேனா இல்லையா.

ஆய்வகப்பூனை:
இருங்கள். பேசியது யார், குழுத்தலைவரா, எச்ஆரா?

நீலக்குடை:
எச்ஆர். குழுத்தலைவரோடு வியாழக்கிழமை. ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பைலர் கந்தன்:
சரி, வியாழன் வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.