ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் 26 மீட்டர் கூடியிருக்கிறது: இதை முன்னேற்றம் என்று கொள்ளலாமா?

கேள்வி:

வணக்கம். என் தாயாருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கும் முன் எடுத்த ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் 312 மீட்டர் நடந்தார். பயிற்சி முடிந்த பின் 338 மீட்டர் நடந்தார். அறிக்கையில் முன்னேற்றம் உண்டு என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். அம்மாவோ, மாடிப்படி ஏறினால் முன்போலவே மூச்சு வாங்குகிறது என்கிறார். இந்த 26 மீட்டரை நம்பலாமா? மேலும், முகமூடி அணிந்து சைக்கிள் மிதிக்கும் சிபெட் (CPET) எனும் இதய-நுரையீரல் உடற்பயிற்சிப் பரிசோதனையையும் செய்யும்படி மருத்துவர் சொல்கிறார். நடக்க வைத்துப் பார்த்த பிறகு அது எதற்கு என்பது விளங்கவில்லை.

பதில் (இயன்முறை மருத்துவர்):

இரண்டு எண்களையும் ஒப்பிடும் முன், அவை ஒரே விதமாக அளக்கப்பட்டனவா என்று பாருங்கள். முதன்முறை நடப்பவருக்கு, எந்த வேகத்தில் தொடங்கினால் ஆறு நிமிடமும் தாக்குப்பிடிக்கலாம் என்பது தெரியாது. மறுமுறை அது பிடிபட்டுவிடும். இந்த நோய் உள்ளவர்களிடம் அப்படிப் பழக்கத்தால் மட்டுமே கூடும் தூரம் சராசரியாக 26 மீட்டர். உங்கள் தாயாருக்குக் கூடியதும் அதே அளவு என்பது தற்செயல்தான், ஆனால் யோசிக்க வைக்கும் தற்செயல். இதனால்தான் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் வெளியிட்ட வழிமுறை, ஒவ்வொரு மதிப்பீட்டின்போதும் இடையில் போதிய ஓய்வு கொடுத்து இருமுறை நடக்க வைத்து, அவற்றுள் அதிகமான தூரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பொருட்படுத்தத் தக்க மாற்றம் என்பதற்கு அது தரும் அளவு ஏறத்தாழ 30 மீட்டர்.

நடைபாதையின் நீளத்தையும் கேளுங்கள். 30 மீட்டர் இருக்க வேண்டிய பாதை குறுகினால், திரும்பும் இடங்கள் கூடி, தூரம் குறையும். நடத்துபவர் நோயாளியின் பக்கத்திலேயே நடந்தால், தம் வேகத்துக்கு அவரை இழுத்துவிடுவார். நிமிடத்துக்கு ஒருமுறை வகுத்து வைத்த வாசகங்களைத் தவிர வேறு உற்சாகமூட்டுவதும் எண்ணை மாற்றும். நோயாளி நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. இவை எதையும் குறிப்பிடாமல் தூரத்தை மட்டும் தரும் அறிக்கையை நான் அரை அறிக்கை என்றுதான் சொல்வேன். நடக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு எவ்வளவு வரை இறங்கியது, முடிவில் மூச்சுத்திணறலுக்கு அவர் போர்க் அளவுகோலில் (0 என்றால் திணறலே இல்லை, 10 என்றால் உச்சம்) எத்தனை மதிப்பெண் கொடுத்தார் என்பவை இருந்தால் இங்கே எழுதுங்கள்.

பதில் (சிபெட் ஆய்வக நுட்பவியலர்):

நடைப் பரிசோதனை எவ்வளவு முடிகிறது என்று சொல்லும். ஏன் அதற்கு மேல் முடியவில்லை என்று சொல்லாது. சிபெட்டில் மிதிக்கும் பளு சீராக ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் வெளியே வரும் கரியமில வாயுவும் அளக்கப்படும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடவே பதிவாகும். பளு ஏறும் கட்டம் 8 முதல் 12 நிமிடம் வரை நீடிக்கும்படி அமைப்போம். நிறுத்தும் தறுவாயில் அவருடைய மூச்சின் அளவு நுரையீரலால் இயன்ற உச்சத்தை நெருங்கியிருந்தால், தடை நுரையீரலில்தான். மூச்சுக்கு இன்னும் நிறைய இடமிருந்தும் கால் சோர்ந்து நின்றுவிட்டால், இதயத்தையோ தசையின் தளர்ச்சியையோ சந்தேகிக்க வேண்டும். படி ஏறும்போதுள்ள திணறல் பயிற்சிக்குப் பிறகும் குறையாதவருக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. உங்கள் மருத்துவர் கேட்டது சரியென்றே நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த நோயில் சைக்கிள் மிதிக்கும்போது இறங்குவதைவிட நடக்கும்போதுதான் ஆக்சிஜன் பெரும்பாலும் அதிகமாக இறங்கும். சிபெட்டில் செறிவு நன்றாக இருந்தது என்பதற்காக, நடையின்போது பதிவான சரிவைத் தள்ளிவிடக் கூடாது. வழக்கமான மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பயிற்சிக்கு முன் ஒரே ஒருமுறைதான் நடக்க வைத்திருக்கிறார்கள், பின்னர் இருமுறை. பாதை இரண்டு தடவையும் 30 மீட்டர். ஆக்சிஜன் செறிவு முதலில் 88 சதவீதம் வரையும், பிறகு 84 வரையும் இறங்கியிருக்கிறது. மூச்சுத்திணறல் மதிப்பெண் இரண்டிலும் 5.

பதில் (இயன்முறை மருத்துவர்):

அப்படியானால் 26 மீட்டரை முன்னேற்றம் என்று எழுதியது அவசரம். முதல் அளவு குறைவாகவே பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். எனக்குத் தூரத்தைவிட அந்த 84-தான் உறுத்துகிறது. செறிவு 80-க்குக் கீழே போனால் பரிசோதனையையே நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்த எல்லைக்கு இது வெகு தொலைவில் இல்லை. சிபெட் நாளுக்குக் காத்திராமல் இந்த இரு எண்களையும் மருத்துவரிடம் காட்டி, நடக்கும்போது ஆக்சிஜன் தேவையா என்று கேளுங்கள். ஆக்சிஜனோடு மறுபடி நடக்க வைத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொடுத்தார்கள், உருளையைச் சுமந்தவர் யார் என்பதையும் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த எண்ணையும் எதனோடும் ஒப்பிட முடியாது.